பதினெட்டு பைட், ஒன்பது கட்டம்: நோட்பேட் பிழை ஒன்றை எப்படி எழுதி அனுப்புவது

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், விண்டோஸுடனே வரும் எளிய டெக்ஸ்ட் எடிட்டரான நோட்பேடை வைத்து ஒரு வேடிக்கை பரவியது. நோட்பேடைத் திறந்து ஆங்கிலத்தில் "புஷ் ஹிட் தி ஃபேக்ட்ஸ்" என்று தட்ட வேண்டும். புஷ் உண்மைகளை மறைத்தார் என்று பொருள். என்டர் அடிக்காமல் சேமித்து, மூடிவிட்டு, அதே கோப்பைத் திரும்பத் திறந்தால் வாக்கியத்தைக் காணோம். அந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள் நிற்கும், சில கணினிகளில் சீன எழுத்துகள். அமெரிக்காவில் புஷ் அதிபராக இருந்த நேரம். மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே உள்ளே எதையோ வைத்திருக்கிறது என்று கதை கட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

கதை பொய், பிழை நிஜம். 18 எழுத்துக்குள் அடங்குகிற, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய, காரணம் முழுக்கத் தெரிந்த பிழை இது. டெக்ஸ்ட் எடிட்டரில் கண்ட குறையை எப்படி எழுதி அனுப்புவது என்று காட்ட இதைவிடக் கச்சிதமான மாதிரி கிடைப்பது கஷ்டம்.

தேறாத அறிக்கை

இதைக் கண்டவர் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்: "புஷ்ஷைப் பற்றி எழுதினால் நோட்பேட் அழித்துவிடுகிறது. கோப்பு கெட்டுப்போகிறது. உடனே சரிசெய்யவும்."

படிக்கிற நிரலாளர் என்ன செய்வார்? நோட்பேடைத் திறப்பார், புஷ்ஷைப் பற்றி ஏதோ ஒரு வரி அடிப்பார், பழக்கத்தில் கடைசியில் ஒரு என்டரும் தட்டுவார். சேமித்துத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். "இங்கே வரவில்லை" என்று குறித்து அறிக்கையை மூடிவிடுவார். அவர் சோம்பேறி இல்லை. பிழையை வரவைக்கத் தேவையான விவரம் அவர் கைக்கு வரவில்லை. அந்த ஒரு என்டர் போதும் பிழை ஒளிந்துகொள்ள. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

அந்த மூன்று வரியில் உண்மை என்று ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நோட்பேட் எதையும் அழிக்கவில்லை. கோப்பு கெடவில்லை. புஷ்ஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, கண்டதிலிருந்து தான் ஊகித்ததை எழுதிவிட்டார். பிழை அறிக்கைகளில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். ஊகம் எழுதக் கூடாது என்பதில்லை. கண்டது ஒரு பத்தி, ஊகம் வேறு பத்தி என்று பிரித்து வைத்தால் ஊகம் தவறாகப் போனாலும் அறிக்கை பிழைத்துக்கொள்ளும்.

கட்டங்களை எண்ணுங்கள்

"குப்பையாகத் தெரிகிறது" என்பது எடிட்டர் பிழைகளில் அலுத்துப்போன சொற்றொடர். எத்தனை குப்பை? இந்த வாக்கியத்தில் எழுத்துகளும் இடைவெளிகளும் சேர்த்து 18. திரும்பத் திறந்தபோது தெரிந்த கட்டங்கள் 9. குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் முறை, தெரிந்தவருக்கு இந்த இரண்டு எண்களே பாதி விடை. இங்கே ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்; இரண்டிரண்டு பைட்டை ஒரே எழுத்தாக யாரோ படித்திருக்கிறார்கள்.

ஒருவர் கட்டம் என்கிறார், இன்னொருவர் சீன எழுத்து என்கிறார். இரண்டு பிழை போலத் தோன்றும். ஒன்றுதான். கிழக்காசிய எழுத்துருக்கள் நிறுவப்படாத எக்ஸ்பியில் அந்த எழுத்துகளுக்கு உருவம் இல்லாததால் கட்டம் வருகிறது. நிறுவியிருந்தால் எழுத்தே வருகிறது. அதனால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாலும் எண்ணிக்கையைச் சொல்லால் எழுதிவிடுங்கள். படத்தில் இருப்பதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, நகலெடுத்து ஒட்டவும் முடியாது.

அடுத்து, திரையில் தெரிவதும் வட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். எடிட்டரில் எழுத்து மாறித் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கோப்பு மாறியதா, காட்சி மட்டும் மாறியதா? கட்டளைச் சாளரத்தில் "டைப்" கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஆங்கில வாக்கியம் அப்படியே வருகிறது. கோப்பின் அளவு 18 பைட், கூடவுமில்லை குறையவுமில்லை. ஆக, சேமித்ததில் கோளாறு இல்லை, திறப்பதில்தான். இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம் போதும். நிரலாளர் தேட வேண்டிய இடத்தை அது பாதியாக்கிவிடுகிறது.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

இனி எது இருந்தால் பிழை வருகிறது, எது போனால் போகிறது என்று துருவ வேண்டும். சந்தேகம் புஷ் மேல் இருந்தால் அவரை நீக்கிப் பார்க்கலாம். "திஸ் ஆப் கேன் பிரேக்" என்று ஆங்கிலத்தில் தட்டினாலும் அதே கோளாறு வருகிறது. அரசியல் சதி அங்கேயே முடிந்தது. இரண்டு வாக்கியத்துக்கும் பொதுவாக இருப்பது சொற்களின் நீளம்: 4, 3, 3, 5 எழுத்துகள்.

நீளம்தான் காரணமா என்று பார்க்கக் கை தானாகவே முதல் சொல்லோடு ஒரு எழுத்தைச் சேர்க்கும். பிழை மறைந்துவிடும். இது மோசமான சோதனை. முதல் சொல்லில் ஒரு எழுத்து கூடினால் மொத்த நீளம் 19 ஆகிறது. கூடவே மூன்று இடைவெளிகளும் ஒரு இடம் தள்ளிப்போகின்றன. மாறியவை இரண்டு. எதனால் பிழை போனது என்று சொல்ல முடியாது. அதே எழுத்தைக் கடைசிச் சொல்லின் முடிவில் சேர்த்துப் பாருங்கள். இடைவெளிகள் 5, 9, 13ஆம் இடங்களிலேயே இருக்கின்றன, நீளம் மட்டும் 19. இப்போதும் பிழை மறைகிறது. ஒற்றைப்படை நீளம் மட்டுமே பிழையைத் தடுக்கப் போதும் என்று இப்போது தயங்காமல் எழுதலாம்.

அதன் பிறகு என்டர். வாக்கியம் அப்படியே, முடிவில் ஒரு என்டர் மட்டும். விண்டோஸில் அது 2 பைட், எனவே மொத்தம் 20. இரட்டைப்படைதான், ஆனாலும் பிழை வரவில்லை. முந்தைய முடிவுக்குப் பொருந்தாத இந்த விவரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. பொருந்தாத விவரம்தான் நிரலாளருக்கு அதிகம் பயன்படும்.

கடைசியாகக் குறியாக்கம். சேமிக்கும் பெட்டியில் எக்ஸ்பி நோட்பேட் நான்கு வகை தருகிறது: ஆன்சி (ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் எடுக்கும் பழைய முறை), யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறை), பைட் வரிசை திருப்பிய யூனிகோட், யுடிஎஃப்-8 (யூனிகோடையே வேறு விதமாகப் பைட்டுகளாக்குவது). தானாகத் தேர்வாகியிருப்பது ஆன்சி, அதில்தான் பிழை. மற்ற மூன்றில் சேமித்தால் வாக்கியம் சரியாகவே திறக்கிறது. திறக்கும் பெட்டியிலும் குறியாக்கத் தேர்வு இருக்கிறது. அங்கே ஆன்சி என்று குறிப்பிட்டுத் திறந்தால் அதே 18 பைட் கோப்பு ஒழுங்காக வாசிக்கப்படுகிறது. தற்காலிக வழி இதுவே. அறிக்கையில் இதையும் சேர்க்க வேண்டும்; பிழை சரியாகும் வரை மற்றவர்கள் வேலை ஓட வேண்டுமே.

எழுதி முடித்த அறிக்கை

தலைப்பு: ஆன்சியில் சேமித்த 18 பைட் ஆங்கிலக் கோப்பு, திரும்பத் திறக்கையில் 9 சீன எழுத்துகளாகத் தெரிகிறது

சூழல்: விண்டோஸ் எக்ஸ்பி, அதனுடன் வந்த நோட்பேட். சர்வீஸ் பேக் எண்ணும் கணினியின் மொழி அமைப்பும் இங்கே.

செய்முறை:
1. நோட்பேடைப் புதிதாகத் திறக்கவும்.
2. இணைப்பில் உள்ள வாக்கியத்தைத் தட்டவும். என்டர் வேண்டாம்.
3. குறியாக்கத்தை மாற்றாமல், ஆன்சியாகவே சேமிக்கவும்.
4. நோட்பேடை மூடவும்.
5. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கவும்.

எதிர்பார்த்தது: தட்டிய அதே வாக்கியம். எழுதியதும் படிப்பதும் ஒரே நிரல். இடையில் எந்த அமைப்பையும் மாற்றவில்லை.

நடந்தது: 9 கட்டங்கள். கிழக்காசிய எழுத்துரு உள்ள கணினியில் 9 சீன எழுத்துகள். ஒவ்வொரு முறையும் வருகிறது.

கோப்பின் பைட்டுகள், ஹெக்ஸ் (16 அடிமான) எண்களில்: 42 75 73 68 20 68 69 64 20 74 68 65 20 66 61 63 74 73

எப்போது வரவில்லை: முடிவில் ஒரு எழுத்து சேர்த்தால், முடிவில் என்டர் சேர்த்தால், யூனிகோடாகவோ யுடிஎஃப்-8 ஆகவோ சேமித்தால், ஆன்சி என்று தேர்ந்து திறந்தால்.

கோப்பு மாறவில்லை: "டைப்" கட்டளை வாக்கியத்தைச் சரியாகக் காட்டுகிறது.

ஊகம்: கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைத் தவறாகக் கணிக்கிறது.

இணைப்பு: பிழை வரும் கோப்பு, வராத கோப்பு, இரண்டையும் சுருக்கிய ஒரு ஸிப்.

ஸிப் ஆக்குவதற்குக் காரணம் உண்டு. வெறும் டெக்ஸ்டாக அனுப்பினால் வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் கடைசியில் வரிமுறிவைச் சேர்த்துவிடும். இந்தப் பிழைக்கு அது ஒன்றே போதும், மருந்து போட்டதுபோல் ஆகிவிடும். "எதிர்பார்த்தது" என்ற வரியையும் வெட்டியாக எழுதியதாக நினைக்க வேண்டாம். முன்பின் தெரியாத கோப்பைத் தவறாகக் கணித்தால் "அது ஊகம்தானே, தவறத்தான் செய்யும்" என்று நிரலாளர் வாதிடலாம். தான் எழுதியதைத் தானே படிக்கத் தெரியவில்லை என்று சுட்டிக்காட்டினால் அந்த வாதம் எடுபடாது.

உள்ளே நடந்தது

நோட்பேட் தானாகக் கணிக்கவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் "இஸ்டெக்ஸ்ட்யூனிகோட்" என்ற செயற்கூறைக் கேட்டது. இந்தச் செயற்கூறு 1994இல் விண்டோஸ் என்டி 3.5 உடன் வந்தது. கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி இருந்தால் கணிக்கத் தேவையே இல்லை. நோட்பேட் யூனிகோடாகச் சேமிக்கும்போது 255, 254 என்ற இரண்டு பைட்டை முன்னால் போட்டுவிடும். ஆன்சி கோப்பில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது. அப்போதுதான் புள்ளியியல் சோதனை வேலைக்கு வருகிறது.

சோதனையின் அடிப்படை எளிது. நோட்பேட் யூனிகோட் என்று அழைக்கும் வகையில் 2 பைட் சேர்ந்து ஒரு எழுத்து. ஒரே மொழியில் எழுதிய உரையில் ஜோடியின் ஒரு பைட் எழுத்துக்கு எழுத்து நிறைய மாறும். மற்றது, எழுத்துத் தொகுதியைக் குறிப்பது, அதிகம் மாறாது. ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் அமைதி என்றால் யூனிகோடாக இருக்கலாம் என்று முடிவு.

நம் வாக்கியத்தை ஜோடியாகப் பிரித்து, ஹெக்ஸை நமக்குப் பழகிய பத்தடிமான எண்ணில் எழுதுவோம்.

முதல் பைட்டுகள்: 66, 115, 32, 105, 32, 104, 32, 97, 116
இரண்டாம் பைட்டுகள்: 117, 104, 104, 100, 116, 101, 102, 99, 115

முதல் வரிசையில் 32 மூன்று தடவை வருகிறது. அதுதான் இடைவெளி. 4, 3, 3 என்ற சொல் நீளத்தால் இடைவெளிகள் 5, 9, 13ஆம் இடங்களில், அதாவது எல்லாமே ஒற்றைப்படை இடங்களில் விழுந்துவிட்டன. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 97க்கும் 122க்கும் இடையில் இருக்க, 32 மட்டும் எங்கோ கீழே. அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டைக் கூட்டினால் முதல் வரிசைக்கு 506, இரண்டாம் வரிசைக்கு 68. ஏழு மடங்குக்கு மேல். யூனிகோட் உரையின் சாயல் அச்சாக வந்துவிட்டது.

சீன எழுத்தாக ஏன் தெரிய வேண்டும்? முதல் ஜோடியில் இரண்டாம் பைட்டை 256ஆல் பெருக்கி முதல் பைட்டைக் கூட்டுங்கள்: 117 × 256 + 66 = 30018. இரண்டாம் பைட் ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்கும் வரை விடை 24832க்கும் 31487க்கும் இடையில்தான் வரும். யூனிகோடில் 19968 முதல் 40959 வரை சீன எழுத்துகளின் பெரிய தொகுதி. தப்பிக்க வழியே இல்லை.

சோதனையில் கண்டவற்றுக்கும் இப்போது விளக்கம் கிடைக்கிறது. நீளம் ஒற்றைப்படை என்றால் 2 பைட் கணக்கு இடிக்கும். அப்படிப்பட்ட உரை யூனிகோடாக இருக்க முடியாது என்று செயற்கூறு தள்ளிவிடுகிறது. முடிவில் என்டர் இருந்தால் 13, 10 என்ற இரண்டு பைட்டும் சரியாக 19, 20ஆம் இடங்களில் ஒரே ஜோடியாக விழுகின்றன. அந்த ஜோடி செல்லாத யூனிகோட் என்ற பட்டியலில் இருக்கிறது. அறிக்கையில் "எப்போது வரவில்லை" என்று எழுதியவற்றில் முதல் இரண்டும் இந்தச் செயற்கூறின் இரண்டு விதிகளை அப்படியே சுட்டுகின்றன. மூலநிரலைப் பார்க்காமலேயே வெளியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவுடன் வந்த நோட்பேட் கணிக்கும் முறையை மாற்றிக்கொண்டதால் இந்த வாக்கியம் அதில் ஒழுங்காகத் திறக்கிறது. அந்தச் செயற்கூறு போய்விடவில்லை. சில ஆஸ்கி உரைகள் (வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொண்டவை) சோதனையைத் தாண்டி நழுவிவிடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதை நம்பியிருக்கும் வேறு எடிட்டர் எதிலும் இதே கோளாறு வரலாம் என்பதால், "வேறு எந்த நிரலில் வருகிறது" என்ற வரியும் அறிக்கையில் இருந்தால் நல்லது. 2019 மே மாதத்து விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து நோட்பேட் புதிய கோப்புகளை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கிறது, கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தையும் காட்டுகிறது. குறியாக்கப் பிழையை எழுதும்போது அந்தப் பட்டையில் உள்ளதையும் குறிப்பிடுங்கள்.

இன்றைய எடிட்டர்களில்

நோட்பேடில் ஒரு வசதி இருந்தது: அதற்கு பிளகின், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல், கிடையாது. இன்று எடிட்டர் பிழை என்று வருவதில் பெரும்பகுதி ஒரு பிளகினிலோ சொந்த அமைப்புக் கோப்பிலோ போய் முடிகிறது. எனவே முதல் வேலை எடிட்டரை வெறுமையாகத் திறந்து பார்ப்பது. எடிட்டரைத் தொடங்கும் கட்டளையோடு சேர்க்க வேண்டியது: ஈமாக்ஸுக்கு ஒரு மைனஸ் குறியும் பெரிய எழுத்து க்யூவும். விம் எட்டாம் பதிப்பிலிருந்து இரட்டை மைனஸுடன் "கிளீன்". விஷுவல் ஸ்டுடியோ கோடில் இரட்டை மைனஸுடன் "டிசேபிள் எக்ஸ்டென்ஷன்ஸ்". அப்போதும் பிழை வந்தால் எடிட்டர்காரர்களுக்கு எழுதலாம். வராவிட்டால் பிளகின்காரருக்கு.

எந்த பிளகின் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது வீண் வேலை. பாதியை அணையுங்கள், பிழை இருந்தால் மீதிப் பாதியில், போனால் அணைத்த பாதியில். 32 பிளகின் இருந்தாலும் 5 சுற்றில் முடியும். விஷுவல் ஸ்டுடியோ கோடில் "எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்" என்ற கட்டளை இதைத் தானே செய்து தருகிறது. பெரிய கோப்பில் வரும் பிழைக்கும் இதே கத்திதான்: பாதியை வெட்டு, திற, பார், மறுபடி வெட்டு.

பதிப்பு எண்ணைக் கையால் எழுதத் தேவையில்லை. ஈமாக்ஸின் "ரிப்போர்ட் ஈமாக்ஸ் பக்" கட்டளை பதிப்பையும் கட்டமைத்த விதத்தையும் இயங்கும் மோடுகளையும் தானே நிரப்பிவிடும். "புதிய பதிப்பு" என்று எழுதுவதால் பயனில்லை. ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு எது புதியது?

எடிட்டர் உறைந்துபோனால் அதைப் பிழைச்செய்தியோடு நின்றுபோனதுடன் குழப்பாதீர்கள். செய்தி வந்தால் அதை எழுத்து மாறாமல் நகலெடுக்க வேண்டும். உறைந்தால் எவ்வளவு நேரம், செயலி முழு வேகத்தில் ஓடுகிறதா சும்மா நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். ஓடினால் முடிவில்லாத சுழற்சியாக இருக்கலாம், சும்மா நின்றால் வேறெதற்கோ காத்திருக்கலாம். தேடும் இடமே வேறு. ஈமாக்ஸில் தட்டிய விசைகளையெல்லாம் கோப்பில் பதியும் வசதி உண்டு. பயனுள்ளது, ஆபத்தும்கூட: பதிவு ஓடும் நேரத்தில் கடவுச்சொல் தட்டினால் அதுவும் அதில் ஏறும். எந்தப் பதிவையும் அனுப்புமுன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

தமிழ்க் கோப்பில் பிழை என்றால் பைட்டுகள் இன்னும் அவசியம். "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி, மொத்தம் 2 குறியெண்கள், யுடிஎஃப்-8இல் 6 பைட். அல்லது ககரம், கொம்பு, கால் என்று 3 குறியெண்கள், 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமமாக்காமல் தேடும் எடிட்டரில் கண்ணெதிரே இருக்கும் "கொடி" தேடலில் அகப்படாது. "தமிழில் தேடல் வேலை செய்யவில்லை" என்ற அறிக்கையைத் தமிழ் தெரியாத நிரலாளரால் தொடக்கூட முடியாது. "6 பைட்டாகத் தட்டினால் 9 பைட்டாக உள்ளதைக் கண்டுபிடிக்கவில்லை" என்று எழுதி இரண்டு கோப்பையும் இணைத்தால், எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் சரிசெய்துவிடுவார்.

ஏற்கெனவே சேமித்துவிட்டால்

எக்ஸ்பியில் அந்த 9 கட்டங்களைப் பார்த்துப் பதறி, திரும்பவும் சேமித்தவர்களுக்கு இரண்டு நிலை. யூனிகோடாகச் சேமித்திருந்தால் கோப்பு 20 பைட் இருக்கும். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, ஹெக்ஸ் எடிட்டரில் முன்னால் உள்ள 255, 254 இரண்டையும் நீக்கினால் மிச்சம் 18, பழைய வாக்கியமே. ஆன்சி என்று தேர்ந்து திறக்க வேண்டும். ஆங்கில விண்டோஸில் எச்சரிக்கையைத் தாண்டி ஆன்சியாகச் சேமித்திருந்தால் கோப்பு 9 பைட்டாகச் சுருங்கி, ஒன்பதும் கேள்விக்குறியாக இருக்கும். அதை மீட்க வழியில்லை.